டிரையர் நுழையும், காற்று நுழையுமா?

லண்டனில் மழைக்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனாலும் ஒக்டோபர் பிறந்துவிட்டால் தோட்டத்தில் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுகிற கதை முடிந்துவிடும். அதனால் இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உடுப்புக் காயவைக்கிற மெஷினான டிரையர் பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஹரோவிலிருந்து ஒரு வாசகி): அண்ணா, எங்களுடையது 1930களில் கட்டிய, ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிய செமி வீடு. குசினியோடு ஒட்டி, முந்திய காலத்தில் சாப்பாட்டுச் சாமான் வைத்த சின்ன அறை ஒன்று இருக்கிறது. அகலம் 68 சென்டிமீட்டர், ஆழம் 72. பின்பக்கம் வெளிச்சுவர். சித்தி வீடு மாறியபோது ஈரக் காற்றை ஹோஸ் என்ற குழாயால் வெளியே விடுகிற தன்னுடைய வென்டட் டிரையரை எங்களுக்குத் தந்தார். அதன் அகலம் 60, ஆழம் 56. அளவு சரியாக வருகிறது. ஹோஸைப் பின்னால் சுருட்டிவிட்டுக் கதவைச் சாத்தலாம் என்கிறார் இவர். சுவரில் ஓட்டை போடத்தான் வேண்டுமா?

பதில்: போடத்தான் வேண்டும், தங்கச்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தை அவரிடம் நீங்கள் சொல்லுங்கள்.

பெட்டி நுழைகிறதா என்று அளந்துவிட்டீர்கள். இனிக் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வென்டட் டிரையர் தான் நிற்கிற இடத்துக் காற்றை இழுத்து, சூடாக்கி, சுழலுகிற ஈர உடுப்புக்குள்ளால் செலுத்தி, அந்த ஈரத்தோடு பின்பக்கத்து நாலு அங்குலக் குழாயால் வெளியே தள்ளும். மணிக்கு நூறு கன மீட்டருக்கு மேல் காற்று அதற்குள்ளால் போகும். உங்கள் அறையைக் கணக்குப் போட்டால் கூரை வரைக்கும் ஒரு கன மீட்டரும் கொஞ்சமும்தான் தேறும். கதவைச் சாத்திவிட்டு மெஷினைப் போட்டால், அந்த அறை முழுவதிலும் உள்ள காற்றை அது ஒரு நிமிடத்துக்குள் விழுங்கிவிடும். பிறகு அது எதை இழுப்பது? கதவுக்குக் கீழே உள்ள வெடிப்பால் வருகிற கொஞ்சக் காற்றைத்தான். காற்றோட்டம் குறைந்தால் ஹீட்டரின் சூடு உடுப்புக்குப் போகாமல் மெஷினுக்குள்ளேயே நிற்கும். உடுப்புக் காய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், பஞ்சுத்தூசி வெளியே போகாமல் உள்ளே படியும். சூடு, காற்றுக் குறைவு, பஞ்சு. டிரையரில் நெருப்புப் பிடித்த வீடுகளில் பெரும்பாலும் இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

ஆகவே கதவைக் கழற்றிவிடுங்கள். வேண்டுமென்றால் பலகைச் சட்டம் வைத்த, காற்றுப் போகிற லூவர் கதவு போடலாம். கதவு விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எந்தக் கம்பனியின் கையேட்டைத் திறந்தாலும் இதைப் பார்க்கலாம்: பூட்டுகிற கதவுக்குப் பின்னாலோ, தள்ளுகதவுக்குப் பின்னாலோ, டிரையர் கதவின் கீலுக்கு எதிர்ப்பக்கத்தில் கீல் வைத்த கதவுக்குப் பின்னாலோ டிரையர் வைக்கக் கூடாது, டிரையரின் கதவு முழுதாகத் திறக்க வேண்டும். ஏதோ வழக்கறிஞர் எழுதிய வரி மாதிரி இருக்கும். உள்ளே புகை வருகிறது, இரண்டு கதவுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன என்று ஒரு தரம் நினைத்துப் பாருங்கள், ஏன் எழுதினார்கள் என்று விளங்கும்.

பக்கவாட்டில் உங்களுக்கு 8 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கிறது, மெஷினை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் 4. அது போதும். பல கையேடுகள் பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர், மேலே 10 மில்லிமீட்டர் இடைவெளியாவது கேட்கும். உங்கள் மொடலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தரையில் கார்ப்பெட் இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். மெஷினின் கால்கள் கார்ப்பெட்டுக்குள் அமிழ்ந்தால் அடிப்பக்கக் காற்று வழி அடைபட்டுப் போகும்.

இனிப் பின்பக்கம். 72இல் 56 போனால் மிச்சம் 16 சென்டிமீட்டர். மெஷினோடு வருகிற ஹோஸ் வழக்கமாக 2 மீட்டர் வரை நீளும், 10 சென்டிமீட்டர் தடிப்பம். அதைச் சுருட்டி 16 சென்டிமீட்டருக்குள் நெரித்துவைத்தால், காலால் மிதித்துக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற கதைதான். தொய்ந்த வளைவுகளில் தண்ணீரும் பஞ்சும் சேர்ந்து களி மாதிரிப் பிடித்துக்கொள்ளும். இப்படி அடைபட்ட ஹோஸை உதறினால் ஒரு தலையணைக்குக் காணும் பஞ்சு விழும்.

நான் செய்வது இப்படி. மெஷினை அது நிற்கப்போகிற இடத்திலேயே வைத்து, நீர்மட்டம் பிடித்துக் கால்களைச் சரிசெய்வேன். அதற்குப் பிறகுதான் பின்பக்க வாயின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளப்பேன். கால்களைத் திருகுவதற்கு முன்பு அளந்தால் ஓட்டை ஒன்று இரண்டு சென்டிமீட்டர் விலகிவிடும், நெருக்கமான இடத்தில் அந்த இரண்டு சென்டிமீட்டர் பெரிய தலையிடி. அந்த உயரத்துக்கு நேரே பின்சுவரில் ஓட்டை. அப்போது வளைவே இல்லாமல் ஒரு சாண் குழாயோடு காற்று நேராக வெளியே போய்விடும். ஹோஸில் மிச்சத்தை வெட்டி எறியுங்கள். மெஷினை வெளியே இழுத்துத் துப்புரவாக்குவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைத்துக்கொண்டால் போதும்.

ஓட்டைக்கு, சுவரை வட்டமாக வெட்டி எடுக்கிற டயமண்ட் கோர் டிரில் வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 117 மில்லிமீட்டர் கோர் வசதியானது. அதை நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் செங்கல்லில் மாட்டினால் மணிக்கட்டைத் திருகிவிடும், ஆகவே பழக்கமில்லாதவர் கூலி கொடுத்துச் செய்விப்பதே நல்லது. துளைக்கிறவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, குழாய் வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்து நிற்க வேண்டும், உள்ளே குளிர்ந்து சேருகிற தண்ணீர் மெஷினுக்குள் திரும்பாமல் வெளியே வடியட்டும். இரண்டாவது முக்கியம். 1930களின் வீடுகள் பலவற்றில் வெளிச்சுவர் இரட்டைச் சுவர், நடுவில் வெறும் இடைவெளி. வெளியே நின்று செங்கல்லைப் பாருங்கள். எல்லாச் செங்கல்லும் நீளப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் இரட்டைச் சுவர், நீளமும் தலையும் மாறி மாறி வந்தால் ஒற்றைத் தடிப்புச் சுவர். இரட்டைச் சுவரானால் குழாய் ஒரே துண்டாக உள்ளே இருந்து வெளியே வரைக்கும் போக வேண்டும். சிலர் உள்பக்கம் ஒரு வளையம், வெளிப்பக்கம் ஒரு மூடி என்று பூட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஈரக் காற்று முழுவதும் நடுவில் உள்ள இடைவெளிக்குள் போகும். ஒரு குளிர்காலம் முடிய, உள்சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பூத்து நிற்கும்.

வெளிப்பக்கம் காற்று வரும்போது திறந்து, நின்றால் மூடுகிற மடல் உள்ள மூடி போடுங்கள். எலி வரும், பூச்சி வரும் என்று சன்னமான கம்பி வலை அடிக்க வேண்டாம், கொஞ்ச நாளில் பஞ்சு அதை ஒரு கம்பளி ஆக்கிவிடும். இன்னொன்று, உங்களுடையது பழைய சாமான் அறை என்பதால் அந்தச் சுவரில் பெரும்பாலும் ஏர் பிரிக் (காற்றுக்குத் துளை வைத்த செங்கல்) ஒன்று இருக்கும். அது உள்ளே காற்று வருவதற்கு நல்லதுதான். ஆனால் டிரையர் வாயை அதற்குப் பக்கத்தில் வைத்தால், வெளியே தள்ளிய ஈரத்தையே மெஷின் திரும்பக் குடிக்கும். தள்ளி வையுங்கள். பொயிலர் புகைக்குழாய்க்குப் பக்கத்திலும் வேண்டாம்.

நேராகத் துளைக்க முடியாமல் சுவருக்குள் குழாயோ கம்பியோ ஓடினால் தட்டைக் குழாய் போடலாம். கடையில் அதிகம் கிடைப்பது 110 × 54 மில்லிமீட்டர் அளவு. அதை வாங்காதீர்கள். வட்டக் குழாயின் உள்பரப்பு 78 சதுர சென்டிமீட்டர், இந்தத் தட்டையின் பரப்பு 59தான். காற்றில் கால்வாசிக்குக் கிட்ட வழியிலேயே மறித்துவிடும். 204 × 60 அளவு கேட்டு வாங்குங்கள். பொருத்துகளைத் திருகாணியால் இறுக்க வேண்டாம், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் பஞ்சு கொழுவும். அலுமினியம் டேப் போதும்.

சித்தியின் மெஷினுக்குப் பக்கவாட்டிலும் ஒரு வாய் இருக்கிறதா என்று பாருங்கள். சில வென்டட் மொடல்களில் பின்பக்கம் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று இருக்கும், வேண்டாததைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்திருப்பார்கள். உங்கள் விஷயத்தில் பின்பக்கம்தான் தோது.

கேள்வி (குரொய்டனிலிருந்து ஒரு ஐயா): எங்கள் வீட்டில் டிரையர் வைக்க முன்னறைக்குப் பக்கத்து ஒடுக்கம்தான் இருக்கிறது. முன்னறையில் குளிருக்குச் சூடாக்குகிற பழைய காஸ் நெருப்பு, புகைக்கூண்டோடு. அதனால் ஏதும் பிரச்சினையா?

பதில்: பெரிய பிரச்சினை, ஐயா. டிரையர் அறைக் காற்றை வெளியே தள்ளும்போது வீட்டுக்குள் அமுக்கம் குறையும். அதை ஈடுசெய்யக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். யன்னலெல்லாம் டபுள் கிளேசிங் போட்டு இறுக்கமாக மூடியிருந்தால், சுலபமான வழி உங்கள் புகைக்கூண்டுதான். மேலே போக வேண்டிய புகை கீழே இழுபட்டு அறைக்குள் வரும். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, வாந்தி, தூக்கக்கலக்கம் என்று காய்ச்சல் மாதிரித்தான் தொடங்கும்.

புகைக்கூண்டைப் பாவிக்கிற காஸ் நெருப்பு, அதற்குப் பின்னால் உள்ள பழைய பொயிலர், விறகு அடுப்பு ஆகியவற்றில் ஏதாவது உள்ள வீட்டில், கேஸ் சேஃப் என்ற காஸ் வேலைக்காரர் பதிவேட்டில் உள்ள ஒருவர் (விறகு அடுப்பென்றால் அதற்குரிய பதிவுள்ளவர்) வந்து, டிரையர் ஓடும்போது புகை மேலே போகிறதா என்று பார்த்துச் சொல்லும் வரை வென்டட் டிரையரை ஓடவிடாதீர்கள். வருகிறவரிடம் அடையாள அட்டை கேளுங்கள். இன்னும் பழைய காஸ் பதிவான கோர்கியின் கார்ட் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது 2009இலேயே போய்விட்டது. சுவரால் காற்றெடுத்துச் சுவராலேயே புகை விடுகிற இப்போதைய மூடிய பொயிலர்களுக்கு இந்தப் பயம் இல்லை. எதுவானாலும் முன்னறையில் ஒரு CO அலாரம் இன்றைக்கே வாங்கி வையுங்கள். உங்கள் நிலையில் நான் என்றால் ஹோஸே வேண்டாத ஹீட் பம்ப் டிரையர் வாங்குவேன், அது ஈரத்தைத் தண்ணீராக்கிப் பிடிக்கும், அறைக் காற்றை வெளியே தள்ளுவதில்லை.

கேள்வி (மிட்சமிலிருந்து ஒரு தம்பி): அண்ணா, ஃபிளாட்டில் இடமே இல்லை. வோஷிங் மெஷினுக்கு மேலே டிரையரை ஏற்றி, இரண்டையும் அங்கே இருக்கிற இரட்டை சொக்கெட்டில் குத்தலாமா?

பதில்: ஏற்றலாம். வோஷிங் மெஷின் எப்போதும் கீழே. அதற்குள் கொங்கிரீட் கட்டி இருக்கிறது, 65, 70 கிலோ வரும். வென்டட் டிரையர் அதில் பாதிதான். இரண்டுக்கும் நடுவில், இரண்டையும் பிணைக்கிற ஸ்டாக்கிங் கிட் போடாமல் வெறுமனே தூக்கி வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 1400 சுற்றில் பிழியும்போது மேலே உள்ளது மெல்ல நடந்து விளிம்புக்கு வரும். கிட்டை உங்கள் கம்பனிக்கு உரியதாகவே வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கிற கிட் வாங்கினால், பட்டி போட்டு இறுக்குகிற மாதிரி வாங்குங்கள். இரண்டும் 85 சென்டிமீட்டர் என்றால் மேல் டிரையரின் பொத்தான்கள் கிட்டத்தட்ட 1.7 மீட்டர் உயரத்தில் வரும். அம்மாவுக்கு எட்டுமா என்று வாங்குவதற்கு முன்பு பாருங்கள். நாலடி பத்தங்குலம் உள்ள ஒருவர் கதிரையில் ஏறி நின்று பஞ்சு ஃபில்டர் இழுக்கிற காட்சியை நான் பார்த்திருக்கிறேன்.

சொக்கெட் கதை வேறு. டிரையர் 2500 வாட் என்றால் 230 வோல்ட்டில் 11 ஆம்பியருக்குக் கிட்ட இழுக்கும். வோஷிங் மெஷின் தண்ணீர் சூடாக்கும்போது 2200 வாட், அது ஒன்பதரை. இரண்டும் சேர்ந்தால் 20 ஆம்பியர். இரட்டை சொக்கெட்டில் இரண்டு 13 ஆம்பியர் பிளக் நுழையும், ஆனால் அதனால் 26 ஆம்பியரைத் தாங்க முடியாது. பிரிட்டிஷ் தரத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 20 ஆம்பியரில்தான் அதைச் சோதிக்கிறார்கள். மணிக்கணக்காக அந்த விளிம்பிலேயே ஓட்டினால் சொக்கெட் மெல்ல மெல்லக் கருகும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் போடுங்கள், அல்லது பதிவுள்ள எலெக்ட்ரீசியனைக் கொண்டு தனிச் சொக்கெட் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் கம்பியில் டிரையர் குத்தவே கூடாது, அதில் விவாதம் இல்லை. டிரையர் ஓடி முடிந்ததும் பிளக்கை இழுத்துத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. பிடிக்க முடியாத சூடோ, பழுப்பு நிறமோ, மீன் மணம் மாதிரி ஒரு நாற்றமோ இருந்தால் அதை இனிப் பாவிக்காதீர்கள். அந்த மீன் மணம் பிளாஸ்டிக் சூடாகிற மணம். பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள்.

குளியலறையில் வைக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். குளியல் தொட்டி, ஷவர் பகுதியிலிருந்து 2.5 மீட்டருக்குள் சாதாரண சொக்கெட் இருக்கக் கூடாது. உங்கள் ஃபிளாட்டின் குளியலறை அவ்வளவு பெரிதென்றால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாமிலிருந்து): வாடகை வீடு. சுவரில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். ஹோஸை யன்னலால் விடலாமா? அல்லது அறைக்குள்ளேயே விட்டால் குளிருக்கு வீடு சூடாகவும் இருக்குமே?

பதில்: இரண்டாவது யோசனையைக் கேட்டவர்கள் பலர். குளிருக்குச் சூடு வரும், உண்மை. கூடவே என்ன வரும் என்று பாருங்கள். 1400 சுற்றில் பிழிந்தாலும் பருத்தி உடுப்பு அதன் எடையில் பாதியளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 8 கிலோ உடுப்பென்றால் 4 லீட்டர். ஒரு தரம் டிரையர் போட்டால் அந்த 4 லீட்டரும் நீராவியாகி உங்கள் அறைக்குள் வந்து, குளிர்ந்த சுவரிலும் அலுமாரிக்குப் பின்னாலும் போய் உட்காரும். வாரம் நாலு தரம் என்றால் 16 லீட்டர். அதன் பிறகு பூஞ்சணம் என்று வீட்டுக்காரரிடம் முறையிட்டால், அவர் முதலில் உங்கள் டிரையரைத்தான் காட்டுவார், அதில் நியாயமும் இருக்கும்.

யன்னலால் விடலாம், ஆனால் தற்காலிகத்துக்கு. யன்னல் திறந்த இடைவெளியை அடைக்கத் துணிப்பட்டி கிட் விற்கிறார்கள். அதைப் போடாவிட்டால் வெளியே போன ஈரத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். ஹோஸை இழுத்துப் பிடித்து, தொய்யாமல் விடுங்கள். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கினால் காற்று அதற்கு மேலால் குடுகுடு என்று சத்தம் போட்டுக்கொண்டு போகும். கீழ்த்தளம் என்றால் திறந்த யன்னலை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஹோஸ் நுனியைத் தண்ணீர் உள்ள ஒரு பெட்டிக்குள் விடுகிற கிட் ஒன்றும் கிடைக்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈரத்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும், நிறைய இடத்தில் பஞ்சு படிந்து அடைபட்டதைக் கண்டிருக்கிறேன்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஹீட் பம்ப். விலை அதிகம்தான். ஆனால் 8 கிலோ வென்டட் மெஷின் ஒரு முழுச் சுமைக்குச் சுமார் 5 யூனிட் மின்சாரம் தின்னும், ஹீட் பம்ப் 2 யூனிட்டுக்குள் முடிக்கும். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் 1 பவுண் 25க்குப் பதில் 50 பென்ஸ். வீடு மாறும்போது கூடவே கொண்டு போகலாம், ஆனால் படுக்கவைத்துக் கொண்டு போகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்சிக்கன விதியை வென்டட் டிரையர்களால் எட்ட முடியாது, புதிதாக அங்கே சந்தைக்கு வருவது ஹீட் பம்ப்தான். பாரிஸிலும் பேர்லினிலும் உள்ள நம் உறவுகள் வென்டட் மெஷின் கிடைக்கவில்லையே என்று கேட்டால் காரணம் இதுதான்.

கேள்வி (லெஸ்டரிலிருந்து ஒரு அம்மா): சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த துவாய்களை டிரையரில் போடக் கூடாது என்று மருமகள் சொல்கிறாள். கழுவித்தானே போடுகிறேன்?

பதில்: மருமகள் சொல்வது சரி, அம்மா. இது ஏதோ மெஷின் பழுதாகிவிடும் என்ற கவலை இல்லை. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை காற்றில் உள்ள ஒட்சிசனோடு மெல்லச் சேர்ந்து, சேரும்போது தானே சூடு விடும். விரித்துக் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். டிரையரிலிருந்து சுடச்சுட எடுத்து, மடித்து அடுக்கி, கூடையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் சூடு போக வழியில்லை, உள்ளேயே ஏறும். சில மணி நேரம் கழித்து, மெஷினை நிறுத்தி எல்லாரும் படுத்த பிறகு, கூடையே புகையத் தொடங்கும். சலவைக்கடைகளிலும் மசாஜ் நிலையங்களிலும் இப்படி நெருப்புப் பிடிப்பது தெரிந்த விஷயம். தேங்காய் எண்ணெய்க்கு இந்தக் குணம் மிகக் குறைவு, ஆனால் வீட்டில் எந்தத் துவாயில் எந்த எண்ணெய் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

கழுவியது போதாதா என்று கேட்கிறீர்கள். 30 பாகையில் கழுவினால் எண்ணெயில் ஒரு பங்கு துணியிலேயே நிற்கும். மோந்து பாருங்கள், நல்லெண்ணெய் மணக்கும். 60 பாகையில், வழக்கத்தைவிடக் கூடச் சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவுங்கள். அப்போதும் மணம் இருந்தால் கொடியில் போடுங்கள், டிரையர் வேண்டாம். கோயிலில் விளக்குத் துடைத்த துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைக்கிற தொண்டர்கள் இருக்கிறீர்கள். அந்தத் துணி டிரையருக்குள் போகவே கூடாது.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம்: டிரையரை நடுவில் நிறுத்தி, உடுப்பை உள்ளேயே விட்டுவிட்டுப் போவது. ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடம் ஹீட்டர் இல்லாமல் வெறும் காற்று அடிக்கும், உடுப்பின் சூட்டை இறக்கத்தான். நடுவில் நிறுத்தினால் அந்தப் பகுதி நடக்காது. அவசரமாக நிறுத்தத்தான் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் உடனே எடுத்து விரித்துப் போடுங்கள்.

கேள்வி (வெம்பிளியிலிருந்து): பழைய டிரையர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: முதலில் பின்பக்கத்திலோ கதவுக்கு உள்பக்கத்திலோ உள்ள மொடல் நம்பரையும் சீரியல் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஹொட்பொயிண்ட், இன்டெசிட், கிரீடா, சுவான், புரொலைன் என்ற பெயர்களில் 2004 ஏப்ரலுக்கும் 2015 செப்டம்பருக்கும் இடையில் செய்த டிரையர்கள் 50 லட்சத்துக்கும் மேல் இந்த நாட்டில் விற்றன. அவற்றில் டிரம்முக்குப் பின்னால் பஞ்சு கசிந்து ஹீட்டரில் படுகிற குறை இருந்தது. 2015 நவம்பரில், அவற்றைச் செய்த கம்பனியை வாங்கியிருந்த வேர்ல்பூல் அதைப் பகிரங்கமாக அறிவித்தது. 2016 ஓகஸ்டில் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஷெப்பர்ட்ஸ் கோர்ட் என்ற பதினெட்டு மாடிக் கட்டடத்தில் பிடித்த நெருப்பு அப்படியான ஒரு டிரையரில்தான் தொடங்கியது. உயிர் போகவில்லை, பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2019இல்தான் திருத்தாமல் மிச்சம் இருந்தவற்றைத் திருப்பி எடுக்கத் தொடங்கினார்கள். இன்னும் சில கராஜுகளில் கிடந்து, மலிவாகக் கைமாறுகின்றன. நம்பர் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். ஹரோத் தங்கச்சியும் சித்தியின் மெஷினுக்கு இந்த நம்பரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி (டூட்டிங்): டிரையர் அரைமணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது. ஆறினால் திரும்ப ஓடுகிறது.

பதில்: அளவு மீறிய சூட்டில் மின்சாரத்தை வெட்டுகிற பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்கிறது. அதைக் கழற்றிவிட்டுக் கம்பியை நேரே இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். பஞ்சு ஃபில்டர், ஹோஸ், வெளி மடல், இந்த ஒழுங்கில் பாருங்கள். பத்தில் ஒன்பது மெஷினில் அடைப்பு இந்த மூன்றில் ஒன்றில்தான். ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்கும், ஹோஸை வருடத்துக்கு இரண்டு தரமாவது.

கேள்வி (இல்ஃபோர்ட்): இரவு மின்சாரம் மலிவு. படுக்கும்போது போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். தூங்கும்போதும், வீட்டில் ஆள் இல்லாதபோதும் டிரையர் ஓடக் கூடாது என்பதுதான் லண்டன் தீயணைப்புப் படையின் அறிவுரையும். மலிவு நேரம் காலை ஏழு மணி வரை என்றால் ஐந்தரைக்கு எழும்புகிறவர் எழும்பிப் போடட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேள்வி எழுதுகிறவர்கள் மெஷினின் மொடல் நம்பர், வைக்கப்போகிற இடத்தின் அகலம், ஆழம், வெளிச்சுவர் எந்தப் பக்கம், வீட்டில் காஸ் எங்கே எரிகிறது ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். "எங்களுடையது வெள்ளை நிற டிரையர், முன்னுக்குக் கதவு" என்று இந்த மாதமும் மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன.